பன்றி வேட்டை நாயின் பரம்பரையை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் காட்டுப்பன்றி வேட்டைக்கான நாய்க்குட்டிகளை விற்கும் விளம்பரங்களைத் தொடர்ந்து படிப்பவர் சில நாட்களிலேயே குழம்பிப்போவார். எல்லாக் குட்டிகளும் ஏதோ ஒரு புகழ்பெற்ற நாயின் வழிவந்தவை. எல்லாத் தாயும் தகப்பனும் காட்டில் கைதேர்ந்தவை. எட்டு வாரக் குட்டிகூடப் பன்றித்தோலைக் கண்டதும் பாய்கிறது என்று எழுதப்பட்டிருக்கும். ஒரே மூதாதை நாயின் பெயரைச் சொல்லி ஒருவர் சில நூறு டாலருக்கும், இன்னொருவர் அதைப்போலப் பல மடங்குக்கும் விற்பதையும் காணலாம். பரம்பரை என்று சொல்லப்படுவதில் உண்மையான தகவல் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு, அதை வாங்குபவர் எந்த அளவுகோலால் சோதிக்க முடியும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பன்றியும் நாயும் அங்கே வந்த கதை

வீட்டுப்பன்றியும் அதன் மூதாதையான காட்டுப்பன்றியும் அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தமானவை அல்ல. ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ டி சோட்டோ 1539இல் புளோரிடாவில் கரையிறங்கியபோது படைக்கு உணவாக ஓட்டிவந்த பன்றிகளும், பிற்காலக் குடியேறிகள் வேலியின்றி மேயவிட்ட பன்றிகளும் காடேறிப் பெருகின. 1912இல் வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் வேட்டைக்கென்று கொண்டுவந்து அடைக்கப்பட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் தப்பி ஓடி இவற்றோடு கலந்தன. இன்று அந்நாட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுப்பன்றிகள் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதிக எண்ணிக்கை டெக்சாஸில். பயிருக்கும் நிலத்துக்கும் அவை ஆண்டுதோறும் ஏற்படுத்தும் இழப்பு 150 கோடி டாலருக்குக் குறையாது என்று அமெரிக்க வேளாண் துறை பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. பிற்கால மதிப்பீடுகள் இன்னும் கூடுதல். டெக்சாஸில் 2019 செப்டம்பர் முதல், நில உரிமையாளர் அனுமதித்தால் தனியார் நிலத்தில் உரிமம் இல்லாமலே பன்றியைக் கொல்லலாம்.

பெரிய கூண்டுப்பொறிகளும் இரவுத் துப்பாக்கி வேட்டையும் ஹெலிகாப்டரும் அங்கே பயன்பட்டாலும், பொறியை அறிந்து விலகும் கிழட்டுப் பன்றியை முள்புதருக்குள்ளிருந்து வெளிக்கொணர நாய்களையே நம்புகிறார்கள். நாய்ச் சந்தை இத்தனை சூடாக இருப்பதன் காரணம் அதுதான். இந்தியாவில் நிலைமை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி இங்கே காட்டுப்பன்றியை அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றம். எனவே இக்கட்டுரையில் வரும் வேட்டை நடைமுறைகள் அனைத்தும் அமெரிக்காவைப் பற்றியவை.

"நல்ல நாய்" என்றால் எந்த வேலைக்கு நல்லது?

பரம்பரையை எடைபோடுவதற்கு முன், பன்றி வேட்டையில் நாய்கள் செய்யும் வேலைகள் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. தேடும் நாய். தடத்தையோ காற்றில் வரும் வாடையையோ பிடித்துப் பன்றி படுத்திருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடிப்பது இதன் பணி. அமெரிக்கர்கள் இதை ஸ்ட்ரைக் நாய் என்கிறார்கள். வண்டியின் மேல் கட்டிய பெட்டியில் நின்றபடியே காற்றை மோந்து, வாடை கிடைத்த இடத்தில் குரைத்துச் சொல்லும் நாய்களும் உண்டு.

2. மறிக்கும் நாய். கண்டுபிடித்த பன்றியை ஓடவிடாமல் எதிரில் நின்று, குரைத்து, நகர்ந்தால் மட்டும் கிட்டே போய் மிரட்டி, வேட்டைக்காரர் வந்துசேரும்வரை ஓரிடத்தில் நிறுத்திவைப்பது. இதற்குப் பே நாய் என்று பெயர். கேட்டஹூலா, பிளாக் மவுத் கர், புளூ லேசி போன்ற இனங்கள் பெரும்பாலும் தேடுவதையும் மறிப்பதையும் சேர்த்தே செய்பவை. பிளாட் ஹவுண்ட் தடம் பிடித்து நெடுந்தொலைவு துரத்துவதில் பெயர்பெற்றது.

3. பிடி நாய். மற்ற நாய்கள் மறித்த இடத்துக்குக் கயிற்றில் கொண்டுபோய், கடைசி நேரத்தில் அவிழ்த்துவிட, பன்றியின் காதையோ தாடையையோ கவ்வி அசையாமல் பிடிப்பது. அமெரிக்கன் புல்டாக், பிட்புல் வகைகள், அவற்றின் கலப்புகள், டோகோ அர்ஜென்டினோ ஆகியவை இந்த வேலைக்கு வருகின்றன. டோகோ 1920களின் இறுதியில் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் பெருவிலங்கு வேட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனம்.

இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட குணங்களைக் கேட்கின்றன. பிடி நாய்க்கு வேண்டிய துணிச்சலில் பாதிக்கு மேல் மறிக்கும் நாய்க்கு இருந்தாலே ஆபத்து. குரைத்து நிறுத்த வேண்டிய நாய் தனியாகப் பாய்ந்து கவ்வினால், ஆண் பன்றியின் கோரைப்பல் அதன் மார்பையோ கழுத்தையோ வயிற்றையோ கிழித்துவிடும்; உரிமையாளர் வந்துசேரும்போது நாய் உயிரோடு இருக்காது. மறுபுறம், துணிச்சல் அறவே குறைந்த நாய் ஐம்பது அடி தள்ளி நின்று குரைக்கும். பன்றி அதைச் சட்டைசெய்யாமல் நடந்துபோய்விடும். ஆகவே "மிகத் துணிச்சலான வழி" என்ற விளம்பர வாசகம் ஒரு வேலைக்குப் பாராட்டு, இன்னொரு வேலைக்கு எச்சரிக்கை. இந்த வழி எந்த வேலைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது என்று முதலில் கேட்காமல் மற்றக் கேள்விகளுக்குப் போவதில் பயனில்லை.

புகழ்பெற்ற பெயர் எத்தனை தலைமுறைக்கு அப்பால் இருக்கிறது?

ஒரு குட்டி தன் மரபணுக்களில் பாதியைத் தாயிடமும் பாதியைத் தகப்பனிடமும் பெறுகிறது. அப்படியானால் தாத்தா நாயின் பங்கு சராசரியாக 25 சதவீதம்; கொள்ளுத் தாத்தாவின் பங்கு 12.5 சதவீதம்; எள்ளுத் தாத்தாவின் பங்கு 6.25 சதவீதம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் பெயர் நான்காம் தலைமுறையில் ஒரே ஒரு முறை மட்டும் வருகிறது என்றால், அதே தலைமுறையில் பெயர் சொல்லப்படாத இன்னும் 15 நாய்களும் ஏறத்தாழ அதே அளவு பங்களித்திருக்கின்றன. அந்தப் பதினைந்தைப் பற்றி விற்பவர் வாய் திறக்காதபோது, வாங்குபவர் விலை கொடுப்பது 6 சதவீதத்துக்குத்தான்.

இதற்கு மேல் இரண்டாவது வடிகட்டி ஒன்று இருக்கிறது. நிறம், காதின் வடிவம் போன்றவை மரபணுவோடு நேரடியாகக் கட்டுண்டவை. ஆனால் தேடும் ஆர்வம், விடாப்பிடி, எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்ற அலைவு, ஆளுக்குக் கட்டுப்படுதல் போன்ற வேலைக் குணங்களில் நாய்க்கு நாய் காணப்படும் வேறுபாட்டில் மரபின் பங்கு பொதுவாகக் குறைவு அல்லது நடுத்தரம். மீதி வளர்ப்பும் பயிற்சியும் கிடைத்த வாய்ப்புகளும் சேர்ந்து உருவாக்கியவை. பரம்பரைக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. தலைமுறைக்குத் தலைமுறை கண்டிப்பாகத் தேர்ந்தெடுத்தால் மரபின் சிறு பங்கும் சேர்ந்து பெரிதாகும். கர் எனப்படும் அமெரிக்க வேலை நாய் இனங்கள் உருவானதே அவ்வாறுதான். ஆனால் ஒரு சிறந்த நாயின் சிறப்பு அப்படியே குட்டிக்கு இறங்கும் என்ற எதிர்பார்ப்புக்கு இதில் இடமில்லை.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் வேட்டைக்குப் போகும் ஒருவரிடம் வளரும் குட்டி, தேர்ந்த கிழ நாய்களின் பின்னால் ஓடி ஓடியே தொழில் கற்றுக்கொள்கிறது. அவரிடம் உள்ள நாய்களெல்லாம் நன்றாக இருப்பதற்குக் காரணம் இரத்தமா, அவருடைய உழைப்பா என்று அவர் வீட்டு நாய்களை மட்டும் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய ஒரே வழி, அதே ஈத்துகளிலிருந்து வெளியாட்களிடம் போன குட்டிகள் என்ன ஆயின என்று விசாரிப்பது. மாதம் ஒருமுறை மட்டும் காட்டுக்குப் போகிறவரிடமும், முதன்முதலாக நாய் வளர்த்தவரிடமும் அக்குட்டிகள் தேறியிருந்தால் அந்த வழியில் ஏதோ இருக்கிறது. வளர்த்தவர் கையில் மட்டும் ஒளிர்ந்து, வெளியே போனவையெல்லாம் சோடை போயிருந்தால், விற்பனைக்கு வந்திருப்பது பரம்பரையல்ல; அந்த மனிதரின் திறமையை விலைக்கு வாங்க முடியாது.

ஒரு நல்ல நாய் எதை நிரூபிக்கிறது?

ஏறக்குறைய எதையும் இல்லை. இது கடுமையாகத் தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் புரியும்.

ஒரு குறிப்பிட்ட இணையிலிருந்து பிறக்கும் குட்டிகளில் பத்துக்கு மூன்று மட்டுமே வேலைக்குத் தேறும் என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் குட்டிகள் உள்ள ஓர் ஈத்தில் ஒன்றாவது தேறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 94 சதவீதம். இன்னும் மோசமான ஓர் இணையை எடுத்துக்கொள்வோம்: பத்துக்கு ஒன்றுதான் தேறும். அந்த இணையை மூன்று முறை ஈனவைத்து 24 குட்டிகள் பிறந்திருந்தால், அவற்றில் ஒன்றாவது நல்ல நாயாக அமைவதற்கான வாய்ப்பு 92 சதவீதம். விற்பவர் அந்த ஒன்றைக் காட்டில் அவிழ்த்துவிட்டுக் காட்டுவார், காணொளியும் வைத்திருப்பார், அதில் பொய் ஏதும் இருக்காது. ஆயினும் அடுத்த ஈத்தில் குட்டி வாங்குகிறவருக்குப் பத்தில் ஒன்பது பங்கு ஏமாற்றமே காத்திருக்கிறது.

ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டியது "உங்கள் சிறந்த நாயைக் காட்டுங்கள்" என்பதை அல்ல. எத்தனை பிறந்தன, எத்தனை எட்டு மாதத்தைத் தாண்டின, எத்தனை காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன, இரண்டு வயதில் எத்தனை வேலை செய்கின்றன என்ற நான்கு எண்களையே கேட்க வேண்டும். வகுக்கும் எண் இல்லாத வெற்றிக் கணக்கு வெறும் கதை. தேறாத குட்டிகளைக் கழித்துவிடுவது இத்தொழிலில் வழக்கம். கழித்தவற்றைக் கணக்கிலிருந்தும் கழித்துவிடுவதுதான் பிரச்சினை. "ஏழில் மூன்று தேறின, இரண்டைத் தேடும் ஆர்வம் இல்லாததால் வளர்ப்பு நாயாகக் கொடுத்தேன், ஒன்று வண்டியில் அடிபட்டது, ஒன்று என்னாயிற்றென்று தெரியவில்லை" என்று சொல்பவர், "எல்லாமே பன்றி நாய்தான்" என்பவரைவிட எவ்வளவோ நம்பத்தக்கவர்.

இறந்துபோன நாய்களைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். காட்டுப்பன்றிகளிடமிருந்து போலி வெறிநோய் எனப்படும் ஆஜெஸ்கி நோய் நாய்க்குத் தொற்றினால், முகத்தில் தாங்க முடியாத அரிப்பு தோன்றி இரண்டு மூன்று நாட்களில் மரணம் நேரும். அமெரிக்காவின் வணிகப் பன்றிப் பண்ணைகளிலிருந்து 2004இல் ஒழிக்கப்பட்ட இந்நோய் காட்டுப்பன்றிகளிடம் இன்னும் இருக்கிறது. நாய்களுக்கு அங்கே அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இல்லை. இப்படி இறந்த நாயைப் பரம்பரையின் தோல்வியாக எண்ணக் கூடாது. கோரைப்பல்லால் கிழிபட்டு இறந்த மறிக்கும் நாய்கள் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து இருந்தால் கதை வேறு; அது அளவுமீறிய துணிச்சலின் தடயம்.

லைன் பிரீடிங்: ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்போது

நல்ல நாயின் பங்கு தலைமுறைதோறும் பாதியாகக் கரைவதைத் தடுக்க வளர்ப்போர் அதன் வழிவந்தவற்றையே தமக்குள் இணைப்பதுதான் லைன் பிரீடிங். தகப்பன் வழித் தாத்தாவும் தாய் வழித் தாத்தாவும் ஒரே நாயாக இருந்தால் அந்த நாயின் பங்கு 25 கூட்டல் 25, அதாவது 50 சதவீதம். பெற்ற தகப்பனுக்குச் சமம். குட்டிகளிடையே குணவேறுபாடும் குறையும். பரம்பரை என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இருப்பது இத்தகைய இடத்தில்தான்.

விலை என்னவென்றால் உள்ளினச்சேர்க்கை. ஒரே மூதாதையிடமிருந்து ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் ஒரு குட்டிக்கு வந்துசேரும் வாய்ப்பைக் குணகமாகக் கணக்கிடுவார்கள். வேறு உறவு ஏதும் இல்லாத நிலையில் அதன் அளவுகள் இவை.

1. அண்ணன் தங்கை இணை, அல்லது தகப்பன் மகள் இணை: 25 சதவீதம்.
2. தாத்தா பேத்தி இணை, அல்லது தகப்பன் ஒன்று தாய் வேறான அண்ணன் தங்கை இணை: 12.5 சதவீதம்.
3. உடன்பிறந்தவற்றின் பிள்ளைகளை இணைத்தல்: 6.25 சதவீதம்.

குணகம் ஏற ஏற, ஈத்தில் குட்டிகளின் எண்ணிக்கையும் அவை பிழைத்திருக்கும் விகிதமும் குறைவது நாய்களில் நன்கு அறியப்பட்ட விளைவு. ஒருமுறை நெருங்கிய இணை சேர்த்ததாலேயே ஒரு வழி கெட்டுவிடாது. ஆனால் ஐந்தாறு தலைமுறையாக வெளி இரத்தம் சேர்க்காமல், பெட்டைகள் முன்பு எட்டு ஒன்பது ஈன்ற இடத்தில் இப்போது நான்கு ஈன்கின்றன என்ற நிலை இருந்தால் அதைக் கேட்டறிய வேண்டும். தகப்பன் நாயின் புகழைப் பேசும் பலரிடம் பெட்டைகளின் ஈத்துக் கணக்கே இருப்பதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கல் கலப்பு நாய்களில் வருகிறது. பன்றி வேட்டை நாய்களில் கணிசமானவை எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கலப்புகள். கர் இனப் பெட்டையோடு புல்டாக்கை இணைத்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் ஓரளவு ஒரே மாதிரி, மூக்கும் துணிச்சலும் கலந்தவையாக அமையக்கூடும். அந்த வெற்றியைக் கண்டு, கலப்பு நாய்கள் இரண்டை ஒன்றோடொன்று இணைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் சிதறிவிடுகின்றன: ஒன்று புல்டாக்காக, ஒன்று கர்ராக, ஒன்று இரண்டுமில்லாமல். பெற்றோர் இரண்டும் அருமையான நாய்களாக இருந்தும் ஈத்து நம்பமுடியாததாக அமைவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. முதல் தலைமுறைக் கலப்பை வாங்கலாம்; அதை ஒரு பரம்பரை என்று சொல்லி விற்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

பதிவுத்தாள் எதற்குச் சான்று?

1898இல் தொடங்கிய யுனைடெட் கென்னல் கிளப், 1884இல் தொடங்கிய அமெரிக்கன் கென்னல் கிளப் ஆகியவை தரும் பதிவுத்தாள், இன்ன தாய்க்கும் இன்ன தகப்பனுக்கும் இந்தக் குட்டி பிறந்தது என்று வளர்ப்பவர் அறிவித்ததற்கான ஆவணம். அந்தத் தாய் பன்றியைக் கண்டால் மறிக்குமா என்பதற்கு அது சான்றாகாது. ஒரே முற்றத்தில் நான்கு ஆண் நாய்கள் அவிழ்ந்து திரியும் இடத்தில் தகப்பன் யார் என்ற அறிவிப்பே தவறாகவும் இருக்கலாம். ஒரே ஈத்துக்கு இரு தகப்பன்கள் அமைவது நாய்களில் நடக்கக்கூடியது. தாய், தகப்பன், குட்டி மூன்றின் கன்னத்தின் உட்புற எச்சில் மாதிரிகளைக் கொண்டு மரபணுச் சோதனை செய்தால் இந்த ஐயம் தீரும். அதிக விலை கேட்கும் இடத்தில் இதைக் கோருவது நியாயமே. எம்பார்க் போன்ற வணிகச் சோதனைகள் உள்ளினச்சேர்க்கை அளவையும் நேரடியாக மரபணுவிலிருந்தே கணித்துத் தருவதால், தாளில் உள்ள பட்டியலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

காதும் நரம்பும் இடுப்பும்

வேலைத் திறமைக்கு அடுத்தபடியாக, ஒரு வழியில் ஓடும் நோய்களை விசாரிப்பது இச்சந்தையில் குறைவு. "எங்கள் நாய்கள் காட்டில் ஓடுகின்றன, அதுவே சோதனை" என்ற பதில் பெருமையோடு வரும். நோய் தலைகாட்டும் வயதுக்கு முன்பே நாய் குட்டி போட்டுவிடுகிறது என்பதை அந்தப் பதில் கணக்கில் கொள்வதில்லை.

செவிட்டுத்தன்மை. கேட்டஹூலாவின் புள்ளிகள் சிதறிய அழகிய மெர்ல் நிறம் ஒற்றை மரபணு மாற்றத்தால் வருவது. மெர்ல் நாய்கள் இரண்டை இணைத்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி அந்த மாற்றத்தை இரட்டையாகப் பெறும். பல இனங்களின் மெர்ல் நாய்களைச் சோதித்து 2009இல் வெளியான ஆய்வில், இரட்டை மெர்ல் நாய்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு ஒரு காதோ இரு காதுகளுமோ கேட்கவில்லை. ஒற்றை மெர்லில் அது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. வெண்ணிற டோகோவிலும் பிறவிச் செவிடு அறியப்பட்ட சிக்கல். நம் இராஜபாளையம் நாயில் வெள்ளை உடலோடு செவிட்டுத்தன்மை வருவதை வளர்ப்போர் அறிவார்கள். இரு காதும் கேட்காத குட்டியை எவரும் கண்டுகொள்வர். ஒரு காது மட்டும் கேட்காத நாய்தான் ஏமாற்றும்: கூப்பிட்டால் வரும், கைதட்டினால் திரும்பும், ஆனால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அதற்குப் பிடிபடாது. அரை மைல் தள்ளி இன்னொரு நாய் பன்றியை மறித்துக் குரைக்கும்போது உதவிக்கு ஓட வேண்டிய நாய் தவறான பக்கம் ஓடும். உரிமையாளர் அதைச் சோம்பல் என்று எண்ணுவார். ஐந்து வார வயதுக்கு மேல் மூளைத்தண்டு மின்னலைகளைப் பதிவுசெய்யும் பேயர் சோதனை ஒன்றே இதை உறுதியாகச் சொல்லும்.

நரம்பு நோய். அமெரிக்கன் புல்டாக்கில் என்சிஎல் எனப்படும் நரம்புச் சிதைவு நோய் ஓர் ஒடுங்கு மரபணுவால் வருகிறது. காரணமான மாற்றம் 2006இல் கண்டறியப்பட்டது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பின்னங்கால்கள் தடுமாறத் தொடங்கும், மருந்தில்லை. ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் நாய் ஆயுள் முழுதும் ஆரோக்கியமாக, மிகச்சிறந்த பிடி நாயாகவே இருக்கும். அப்படிச் சுமப்பவை இரண்டு இணைந்தால் நாலில் ஒரு குட்டிக்கு நோய், இரண்டு மறுபடி சுமப்பவை. எனவே பெற்றோரின் திறமையைப் பார்த்து இந்நோய் இல்லை என்று முடிவுகட்ட வழியே இல்லை. மரபணுச் சோதனைத் தாள் ஒன்றே வழி.

இடுப்பு மூட்டு. ஓஎஃப்ஏ என்ற அமைப்பு 1966 முதல் நாய்களின் எலும்பு, மூட்டுப் படங்களைத் தரப்படுத்தி வருகிறது. இறுதிச் சான்று 24 மாத வயதுக்குப் பிறகே. அதற்கு முன்பே அறிய விரும்புவோர் 16 வாரத்திலிருந்தே செய்யக்கூடிய, மூட்டின் தளர்வை எக்ஸ்ரேயில் அளக்கும் பென்ஹிப் முறையை நாடலாம். வளர்ப்போரில் பலர் இவற்றில் எதையும் செய்வதில்லை என்பதால், செய்தவர் ஒருவர் கிடைத்தால் அவருக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

பட்டியில் பார்ப்பதும் காட்டில் பார்ப்பதும்

லூசியானாவின் வின்ஃபீல்டில் 1995இல் தொடங்கிய அங்கிள் ஏர்ல்ஸ் போன்ற போட்டிகளில், வேலியிட்ட வளையத்துக்குள் விடப்பட்ட பன்றியை நாய் எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு மதிப்பெண் தருவார்கள். மறிக்கும் பாணியைப் பார்க்க அது நல்ல இடம்: நாய் பன்றியின் முகத்துக்கு நேரே நிற்கிறதா, எவ்வளவு நெருக்கத்தில், பன்றி திரும்பினால் என்ன செய்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆனால் பன்றி ஏற்கெனவே கண்ணெதிரில் இருப்பதால் தேடும் திறமை அங்கே சோதிக்கப்படுவதே இல்லை. பன்றி மறிப்பை உடைத்து ஓடினால் நாய் இரண்டு மைல் பின்தொடருமா, சலித்துத் திரும்புமா என்ற விடாப்பிடிக் கேள்வியும் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. அதனால் வேலிக்குள் எடுத்த காணொளியைப் பார்த்து மட்டும் விலை பேசக் கூடாது.

காட்டு வேலைக்குக் கிட்டத்தட்ட நேரடியான சான்று இப்போது கிடைக்கிறது. கார்மின் ஆல்ஃபா போன்ற ஜிபிஎஸ் கழுத்துப்பட்டைகள் ஒவ்வொரு நாயும் ஓடிய தடத்தைக் கோடாகப் பதிவுசெய்கின்றன. பெற்றோர் நாய்களின் பத்து இரவுத் தடங்களைக் காட்டச் சொன்னால் பல கேள்விகளுக்கு விடை அதிலேயே கிடைக்கும். எந்த நாய் முதலில் விலகிப் போனது, எது மற்றதன் பின்னால் ஓடியது, எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது, மறித்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கோடுகள் சொல்லும். தேடும் நாய் என்று விற்கப்படுவது ஒவ்வோர் இரவும் இன்னொரு நாயின் கோட்டையே தொடர்ந்திருந்தால், அது துணை நாய்.

அலைவு தூரம் வெறும் ரசனை சார்ந்ததன்று. டெக்சாஸ் நிலத்தில் ஏறத்தாழ 95 சதவீதம் தனியாருடையது. முந்நூறு ஏக்கரில் மட்டும் அனுமதி உள்ளவர், மைல் கணக்கில் தடம் பிடித்து ஓடும் வழியில் நாய் வாங்கினால், ஒவ்வோர் இரவும் பக்கத்து நிலத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவே நேரம் போதாது. பன்றி குறைவாக, பரந்து கிடக்கும் நிலத்தில் வேட்டையாடுபவருக்கோ அதே நாய் வரம். புளோரிடாவின் சதுப்புநிலத்தில் தேறிய வழியைத் தென் டெக்சாஸின் வறண்ட முள்காட்டுக்குக் கொண்டுபோகும்போது பாதம் தாங்குமா, வெயிலில் மூச்சு வாங்காமல் ஓடுமா என்பதையும் அங்கே வைத்தே பார்க்க வேண்டும். குட்டை மூக்குப் பிடி நாய்க்குக் கெவ்லார் என்ற உறுதியான இழையாலான மார்புக்கவசமும் மாட்டினால் வெப்பத்தால் வரும் ஆபத்து இன்னும் கூடும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. பெற்றோர் இரண்டையும், முடிந்தால் அவற்றின் உடன்பிறந்தவற்றையும், பன்றி இருக்கும் காட்டில் தனித்தனியாக அவிழ்த்துவிட்டுக் காட்ட முடியுமா? கூட்டத்தில் எல்லா நாயும் நன்றாகவே தெரியும். தனியாக விட்டால்தான் தேடுவது எது என்று வெளிப்படும்.

2. இதே இணையின் முந்தைய ஈத்துக்குட்டிகளை வாங்கியவர்கள் யார்? விற்பவர் தேர்ந்தெடுத்துத் தரும் இருவரோடு நிறுத்தாமல், அவர்கள் வழியாக மற்றவர்களையும் கேட்க வேண்டும். விடை இல்லாத குட்டிகளையும் தேறாதவற்றோடு சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பான கணக்கு.

3. மான், கன்றுகாலியைத் துரத்தும் பழக்கம் இந்த வழியில் உண்டா, எந்த வயதில் அதை நிறுத்த முடிந்தது? கன்றுகாலிப் பண்ணையில் வேட்டைக்கு அனுமதி பெறுபவருக்கு இது ஒன்றே நாயைத் தீர்மானிக்கும்.

4. மனிதரிடமும் மற்ற நாய்களிடமும் எப்படி? பிடி நாய் பன்றியிடம் காட்டும் மூர்க்கத்தைக் கூட்டாளி நாயிடம் காட்டினால் வண்டிப்பெட்டியிலேயே ஒன்று செத்துப்போகும். காயத்தோடு கிடக்கும்போது தையல் போடும் கையைக் கடிக்காத நாயா என்பதும் இதில் அடங்கும்.

5. எந்த வயதில் வேலை தொடங்கின? பத்து மாதத்தில் தொடங்கும் வழியும் உண்டு, இரண்டு வயதில் விழிக்கும் வழியும் உண்டு. பின்னது தெரியாமல் வாங்கியவர் ஒன்றரை வயதில் நல்ல நாயைக் கழித்துவிடுவார்.

எட்டு வாரக் குட்டியைப் பன்றித்தோலைக் காட்டிச் சீண்டிப் பார்ப்பதற்கு அளவுக்கு மீறிய மதிப்புத் தரப்படுகிறது. அந்த வயதின் சோதனைகள் வளர்ந்த நாயின் வேலைத்திறனை நம்பத்தக்க அளவில் முன்னறிவிப்பதில்லை. பரம்பரை விவரம் சரியாக இருந்தால் ஈத்தில் ஆரோக்கியமான எந்தக் குட்டியையும் எடுக்கலாம். சரியாக இல்லையென்றால் எந்தக் குட்டியை எடுத்தாலும் சூதாட்டம். வகுக்கும் எண்ணைச் சொல்ல மறுக்கும் இடத்தில், விலை கூடுதலானாலும் வேலை தொடங்கிய ஒன்றரை வயது நாயைத் தேடுவது மேல். அப்போது வாங்கப்படுவது கண்ணால் கண்ட நாய். பரம்பரை துணைத் தகவல் மட்டுமே.

அப்படி வளர்ந்த நாயை வாங்கும்போது இரண்டு இரத்தச் சோதனைகளைப் பணம் கைமாறும் முன் முடித்துவிட வேண்டும். தென் மாநிலங்களில் கொசுவால் பரவும் இதயப்புழு ஒன்று. தொற்றிய பிறகு ஆறேழு மாதம் வரை சோதனையில் தெரியாது என்பதால் வாங்கிய பின்னும் ஒருமுறை பார்க்க வேண்டும். குட்டி போடவைக்கும் எண்ணம் இருந்தால் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியா மற்றொன்று. காட்டில் விட்டுப் பார்க்கும் தவணை எத்தனை நாள், நாய் தேறாவிட்டால் பணம் திரும்புமா மாற்று நாயா, தவணைக்குள் பன்றி கிழித்துவிட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். தகராறு பெரும்பாலும் மூன்றாவதில்தான் வருகிறது.